ஆம்பியர் பார்க்க வந்த சம்பந்தி

பெண் பார்க்க வந்தவர்கள் இன்னும் பெண்ணைப் பார்க்கவில்லை. ஆறு பேரும் கிணற்று மேட்டு மோட்டார் ரூமுக்குள் நெருக்கியடித்து நின்று, சுவர்ப் பலகையில் பதித்திருந்த ஆம்பியர் மீட்டரின் முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது வேட்டிகளின் கஞ்சி வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து அடித்தன.

வெளியே தொட்டியில் தண்ணீர் தொடை கனத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

"பன்னண்டுதானுங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா கந்தப்பன். ஓமலூர்ப் பக்கத்துக்காரர். தோளில் அங்கவஸ்திரம், விரல்களில் மோதிரம், குரலில் அலுப்பு. "எங்கூட்டுல இருவது இழுக்குதுங்க."

என் மாமனார் அர்த்தனாரியின் முகம் சுருங்கியதை ஜன்னலுக்கு வெளியே நின்ற நான் பார்த்தேன். அவர் மகளின் கல்யாணம் அந்த எட்டு ஆம்பியர் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூணு எச்.பி. வீடு

எழுபதுகள் முடியப்போகிற சமயம். நான் ஆத்தூரில் வளர்ந்தவள். பி.எஸ்.சி. இயற்பியல் படித்து முடித்த கையோடு என்னை எடப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் லாரியோடு பாதி மாதம் வடக்கே போய்விடுவார். வீட்டில் மாமனார், மாமியார், நாத்தனார் சரசு, அப்புறம் நான்.

சரசுவுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். என்னை "நங்கையா" என்பாள். அண்ணியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

அவளுக்கு அதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து தட்டிப்போயிருந்தன. ஜாதகம் சரியாக இருந்தது. நிறம், படிப்பு, நகை எதிலும் குறையில்லை. குறை கிணற்றில் இருந்தது. எங்கள் மோட்டார் மூன்று குதிரைச் சக்தி. "மூணு எச்.பி. ஊடுங்களா? யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று எழுந்து போனவர்கள் இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் தகுதியைக் குதிரையைக் கொண்டுதான் அளந்தார்கள். ஐந்து எச்.பி. வீட்டுக்காரர் மூன்று எச்.பி. வீட்டு வாசலில் உட்காரும்போது காலைக் கொஞ்சம் நீட்டியே உட்காருவார். ஏழரை எச்.பி.க்காரர் உட்காரவே மாட்டார், நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

மூன்றாவதாக வந்ததுதான் கந்தப்பன் வீட்டு வரன். பையன் பெயர் மாணிக்கம். சரசு அவனை ஒரு தடவை பார்த்திருந்தாள், சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில். கை கழுவும் இடத்தில் குழாய் திறந்து கிடந்து தண்ணீர் வீணாய் ஓடியதாம். ஊரே அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, அவன் ஒருத்தன்தான் திரும்பி வந்து மூடிவிட்டுப் போனானாம்.

"இது வேணுங்க நங்கையா" என்றாள் என்னிடம். வெட்கமெல்லாம் படவில்லை. "இதுவும் போச்சுன்னா நா அந்தக் கெணத்துலயே எறங்கிருவேன். மோட்டாரப் பாக்க வாரவங்க என்னயும் சேத்துப் பாக்கட்டும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனாலும் அன்று முழுக்க அவள் கிணற்றுப் பக்கம் போனபோதெல்லாம் நானும் பின்னாலேயே போனேன்.

இரண்டு முகம் கொண்ட தகடு

மாமனார் துணிந்துவிட்டார். மூன்று எச்.பி.யைக் கழற்றி எறிந்துவிட்டு ஏழரை எச்.பி. மோட்டாரை இறக்கினார். ஆனால் மின்சார இலாகாவில் எங்களுக்கு அனுமதித்திருந்தது மூன்றுதான்.

அதற்கும் அவரிடம் வழி இருந்தது. பழைய மோட்டாரின் தகட்டைப் பெயர்த்துப் புதியதன் தகட்டுக்கு முதுகோடு முதுகாகச் சேர்த்து, வேண்டியபோது திருப்பிப் போடுகிற மாதிரித் திருகினார். லைன்மேன் சைக்கிள் தெரிந்தால் மூன்று வெளியே தெரியும். உறவுக்காரர் வண்டி தெரிந்தால் ஏழரை தெரியும். ஒரே மோட்டார் அரசாங்கத்துக்கு ஏழையாகவும் உறவுக்காரருக்குப் பணக்காரனாகவும் இருந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் பாதித் தகடுகள் இப்படித்தான் என்பதால் தகட்டை நம்புகிறவர் யாருமில்லை.

கந்தப்பனும் நம்பவில்லை. வந்து இறங்கியதும் தகட்டைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பிளேட்ட யாரு வேணாலும் ஒட்டலாமுங்க. முள்ளு பொய் சொல்லாது" என்றார்.

அதில் ஒரு பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் வினை இருந்தது.

வோல்டேஜ் இரவல்

எங்கள் தோட்டத்துக்கு வருகிற மின் கம்பி, ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மரிலிருந்து மைல் கணக்கில் நடந்து வரும். அதே கம்பியில் எங்களுடையதையும் சேர்த்து நான்கு கிணறுகள். முதல் கிணற்றுக்காரர் மூன்று எச்.பி. போட்டார். எல்லோரும் போட்டார்கள். வோல்டேஜ் குறைந்தது. குறைந்த வோல்டேஜில் மோட்டார் திணறியது. "மோட்டாரு பத்தல" என்று ஐந்து போட்டார்கள். வோல்டேஜ் இன்னும் குறைந்தது. மறுபடியும் பத்தவில்லை. ஏழரை போட்டார்கள், கடைசியாக என் மாமனாரும்.

கம்பிக்கும் தடை என்று ஒன்று உண்டு, அதன் வழியே ஓடுகிற ஆம்பியர் கூடக் கூட வழியிலேயே வோல்ட்டைத் தின்றுவிடும் என்று நான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மாமனார் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "கம்பி எங்காச்சும் கரண்டத் திங்குமா சாமி?" என்று கேட்டார். மாமியார் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டார், பசியில் பேசுகிறேன் என்று நினைத்தோ என்னவோ.

விருந்தாளி வருகிற நாளில் மட்டும் அந்த நான்கு கிணற்றுக்காரர்களுக்கும் இந்த உண்மை எப்படியோ புரிந்திருந்தது. யார் வீட்டுக்காவது பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ வந்தால், மற்ற மூவரும் மோட்டாரை நிறுத்திக்கொள்வார்கள். வந்தவர்கள் முன் தண்ணீர் திமிறிக்கொண்டு விழும். இதைக் கேட்பதற்கு முறை உண்டு. வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய், "நாளைக்குக் கொஞ்சம் வோல்டேஜு குடுத்து ஒதவோணும்" என்று கேட்க வேண்டும். அரிசி இரவல் மாதிரி. பிறகு திருப்பியும் தர வேண்டும்.

மாமனார் முதல் நாளே போய்க் கேட்டு வந்தார். பக்கத்துக் கிணற்றுப் பங்காளி நல்லப்பனிடம் கேட்பதுதான் அவருக்குக் கசந்தது. இருவருக்கும் வரப்புத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் நல்லப்பன் பெரிய மனது செய்தார்.

"நிறுத்திக்கறோம் அண்ணா. அவிய போனதும் மேட்டுல நின்னு துண்ட வீசுங்க, ஓட்டிக்கறோம். வாழை காயுது" என்றார்.

கரிக்கட்டிக் கணக்கு

எனக்கு அந்த மோட்டார் ரூம்தான் கல்லூரியின் மிச்சம். பலகையில் வோல்ட் மீட்டர் ஒன்று, ஆம்பியர் மீட்டர் ஒன்று. அடுப்புக் கரியை எடுத்துப்போய்ச் சுவரில் கணக்குப் போடுவேன்.

எல்லா மோட்டாரும் நிற்கும்போது நானூற்றுப் பத்து வோல்ட். எங்களுடையது மட்டும் ஓடினால் முந்நூற்று எண்பது, பன்னிரண்டு ஆம்பியர். வழியில் தொலைந்தது முப்பது. முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை. மூன்று பேஸ் என்பதால் ஒன்றே முக்காலால் இன்னொரு முறை வகுக்க வேண்டும். கம்பி ஒவ்வொன்றின் தடையும் ஏறக்குறைய ஒன்றரை ஓம். கரண்டைத் தின்கிற கம்பியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அப்புறம் திறன். முந்நூற்று எண்பதையும் பன்னிரண்டையும் பெருக்கி, அதை ஒன்றே முக்காலால் பெருக்கி, பவர் பேக்டர் என்கிற கழிவுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, எழுநூற்று நாற்பத்தாறால் வகுத்தேன். எட்டரைக் குதிரை உள்ளே போகிறது. மோட்டார் தனக்கென்று விழுங்குவது போக ஏழரை வெளியே வருகிறது. தகடு முதல் தடவையாக உண்மை பேசியது.

ஆக, வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வண்டி எவ்வளவு பாரம் இழுக்கும் என்று தெரியும். ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றது நுரை தள்ள இழுக்கும். நுரையைப் பார்த்து, "ஆகா, என்ன சக்தி!" என்று மெச்சுகிறவனை என்ன சொல்வது?

விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் மாமனார் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். என் கணக்கெல்லாம் வெள்ளைக்குள் போயிற்று. "சொவுரு அசிங்கமாக் கெடந்துச்சு அம்மிணி" என்றார்.

துண்டு வீசினார்

இப்போது மறுபடி மோட்டார் ரூமுக்கு வருகிறேன்.

"பன்னண்டுதானுங்களா?" என்று கந்தப்பன் கேட்டதும் அவருடன் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற மாணிக்கம் மட்டும் வாசல் வழியாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஜன்னலிலிருந்து சொல்லிவிட்டேன். "மாமா, வோல்டேஜ் நல்லா இருக்கிறதனாலதான் ஆம்பியர் கம்மியா இருக்கு. அதுதான் மோட்டாருக்கு நல்லது. ரெண்டையும் பெருக்கிப் பார்த்தா..."

கந்தப்பன் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மருமகளுங்களா? என்ன படிச்சிருக்குதுங்க?"

"பி.எஸ்.சி.ங்க" என்றார் மாமனார், ஏதோ நோயைச் சொல்வது போல.

"அதானுங்களா" என்றார் கந்தப்பன். விஷயம் அதோடு முடிந்தது.

மாமனாருக்கு வேர்த்தது. மூன்றாவது வரனும் வாசல் வரை வந்து செருப்பைத் தேடப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அவருடைய மூளையில் ஒரு வெளிச்சம் அடித்திருக்க வேண்டும். எல்லோரும் ஓட்டும்போது முள் மேலே ஏறும் என்பதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஏன் ஏறுகிறது என்றுதான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

"எளநி போட்டாரனுங்க, இருங்க" என்று வெளியே வந்தார். மேட்டில் ஏறினார். தோளிலிருந்த துண்டை எடுத்து, ஊரைக் கூட்டுகிறவர் போலத் தலைக்கு மேலே சுழற்றினார்.

வோல்டேஜ் இரவல் கேட்ட மனிதர், இரவல் கொடுத்தவர்களையே கெஞ்சி அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

வாழை காய்ந்துகொண்டிருந்த மூவரும் துண்டுக்காகவே காத்திருந்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் மூன்று மோட்டார்களும் ஓடத் தொடங்கின. எங்கள் மோட்டார் 'ங்ங்' என்று ஒரு முனகு முனகியது. மாமனார் இளநீர் இல்லாமலேயே உள்ளே ஓடி வந்தார்.

"இப்பப் பாருங்க!"

முள் பதினான்கைத் தொட்டது. பதினைந்து. கந்தப்பன் மூக்கைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏறுதுங்க, ஏறுதுங்க!" என்றார் கூட வந்த ஒருவர்.

"சூடானாத்தான் நம்ம மோட்டாருக்கு வேகமே வரும்" என்றார் மாமனார். பதினேழு. பக்கத்திலேயே வோல்ட் மீட்டரின் முள் இருநூற்று அறுபதுக்கு இறங்கிக் கிடந்தது. அந்த மாடு படுத்துவிட்டதை யாரும் பார்க்கவில்லை. வெளியே தொட்டியில் தண்ணீர் தொடை கனத்திலிருந்து மணிக்கட்டுக்கு வந்திருந்தது, அதையும் பார்க்கவில்லை.

பத்தொன்பது.

நான் மனதுக்குள் பெருக்கினேன். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக் காயிலில் ஏறுகிற சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. பன்னிரண்டின் வர்க்கம் நூற்று நாற்பத்து நான்கு. பத்தொன்பதின் வர்க்கம் முந்நூற்று அறுபத்தொன்று. இரண்டரை மடங்கு சூடு.

"மாமா, நிறுத்துங்க! காயில் எரிஞ்சுடும்!" என்று கத்தினேன்.

"நீ செத்த சும்மா இரு சாமி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

காயில் மேல் பூசிய வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தது. இனிப்பும் கசப்புமான அந்த வாசனை ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. இந்த நேரத்துக்குப் பியூஸ் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடிக்கடி போகிறதே என்று மாமனார் அதில் கட்டுக்கம்பியைப் போட்டு முறுக்கியிருந்தார். வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டரின் கைப்பிடி தானாக விழுந்து மோட்டாரை நிறுத்த வேண்டும். அதுவும் விழவில்லை. விழாமலிருக்க அதைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். மோட்டாரைக் காப்பாற்ற அதைச் செய்தவன் வைத்த அத்தனை வழிகளையும் எங்கள் ஊர் கட்டிப்போட்டிருந்தது.

மெயினைத் தொட்டவள்

வீட்டுப் பக்கமிருந்து யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சரசு. பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தலை நிறைய மல்லிகையோடு ஓடி வந்தாள். இருபது ஆம்பியர் பேச்சு அதற்கு முன்பே வீடு வரை போயிருந்தது, இப்போது வாசனையும் எட்டிவிட்டது.

ஆறு ஆண்பிள்ளைகளையும் முழங்கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கயிறு கட்டிய கைப்பிடி அசையவில்லை. ஒரு கணம் அதை முறைத்துவிட்டு, சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தாள்.

முள் பொத்தென்று சுழியத்தில் விழுந்தது. மோட்டார் இளைத்து இளைத்து நின்றது. மூன்று தோட்டத்து மோட்டார்களும் தூரத்தில் குஷியாக ஓடுவது கேட்டது.

கந்தப்பன்தான் முதலில் பேசினார். "பொட்டப் புள்ள மெயினத் தொடறதுங்களா? இருவதத் தொடப்போற நேரத்துல!" அவர் கை செருப்பு இருக்கும் திசையைக் காட்டியது.

மாமனார் மகளை அடிக்கிற மாதிரி பார்த்தார். அவள் ஆசைப்பட்ட வரனை அவளே இழுத்துக் கீழே போட்டுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

சரசு புடவையை இறக்கிவிட்டாள். மூச்சு வாங்கியது. கந்தப்பனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"உங்கூட்டுல இருவது இழுக்குதுன்னு சொன்னீங்களாமா. தண்ணி எத்தனை வருதுங்க?"

கந்தப்பன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

"வெரல் கனத்துக்குத்தானுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மாணிக்கம். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு. "பேரிங்கு போயிருச்சுங்க. சுத்த மாட்டாமச் சுத்துது, அதான் அத்தன இழுக்குது. மாத்தலாமுன்னா அப்பா உட மாட்டீங்கறாரு. முள்ளு எறங்கிருமாமா."

சரசு சிரித்துவிட்டாள். அடக்கமாகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, கிணற்றுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்த சிரிப்பு. மாணிக்கமும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருடைய மோட்டார் கருகின வாசனை அடித்துக்கொண்டிருந்தது. இன்னொருவருடைய பேரிங் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. இந்த நிலைமையில் யார் யாரை வேண்டாம் என்று சொல்வது? ஒப்புட்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்த மாதத்திலேயே உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொண்டார்கள்.

வண்டி ஏறும்போது கந்தப்பன் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. "பத்தொம்பது வரைக்கும் போச்சுங்களே?"

"இருவதுங்க" என்றார் மாமனார். "நீங்க சரியாப் பாக்குல."

ராசி

கல்யாணமாகிப் போன சரசு அந்த வீட்டில் செய்த முதல் காரியம், மாணிக்கத்தைச் சேலத்துக்கு அனுப்பிப் புதுப் பேரிங் வாங்கி வரச் சொன்னது. கந்தப்பன் ஏதோ விசேஷத்துக்கு மேச்சேரி போயிருந்த நாளாகப் பார்த்து மாற்றிவிட்டார்கள். அது ஐந்து எச்.பி. மோட்டார். இருபது இழுத்தது எட்டுக்கு இறங்கிவிட்டது.

சில மாதம் கழித்து நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கந்தப்பன் கரும்புக் காட்டில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை.

"என்னன்னு சொல்றதுங்க அம்மிணி. உங்க நாத்தனா காலெடுத்து வெச்ச ராசி, எங்க மோட்டாருக்கு இருந்த சக்தியே போயிருச்சு. இருவது இழுத்துக்கிட்டு இருந்தது. இப்ப எட்டுக்கு மேல ஏற மாட்டீங்குது. ஊருக்குள்ள தல காட்ட முடியல."

இதைச் சொல்லும்போது அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.